மானாவாரிச் சூரியகாந்திக்கு யூரியா: எவ்வளவு, எப்போது, எந்த ஆழத்தில்?

விளாத்திகுளத்தான்
செப்டம்பர் 14, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. சொந்த ஊர் விளாத்திகுளத்துக்குத் தெற்கே, அசல் கரிசல் பூமி. மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். விதைக்கும் உரத்துக்கும் நான் பணம் அனுப்புகிறேன்.

போன ஐப்பசியில் சூரியகாந்தி விதைத்தோம். ஊரில் எல்லாரும் விதைக்கும்போது இடும் அடியுரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்தான் தம்பியிடம் பேசி, ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியாவை, பயிர் வளரும்போது இடும் மேலுரமாகப் போடச் சொன்னேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஊருக்குப் போகும்போது சாங்கி இரண்டாம் முனையத்துச் சூரியகாந்தித் தோட்டத்தைப் பார்த்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பூக்கள். நம் நிலத்துக்கும் அதே சத்தைக் கொடுத்தால் அதே பூ வராதா என்று நினைத்தேன்.

பயிர் முதலில் கருகருவென்று எழுந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதாகத் தம்பி படம் அனுப்பினான். கார்த்திகைக் கடைசியில் மழை நின்றுபோனது. பூக்கும் நேரத்தில் கீழ் இலைகள் வரிசையாகக் கருகின. ஏக்கருக்கு 180 கிலோகூடத் தேறவில்லை, பாதி பருப்பில்லாத பொக்கு. மேலுரம் போடாத பக்கத்து நிலத்தில் 300 கிலோவுக்கு மேல் எடுத்தார்கள்.

தம்பி இன்றுவரை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த ஐப்பசிக்கும் சூரியகாந்திதான். யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) போட்டதால் விளைச்சல் குறையுமா? அப்படியானால் இந்த முறை எவ்வளவு போடச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழைக்கரிசல்
செப்டம்பர் 15, காலை 6.15

தம்பி, நான் தோ பாயோவில் இருக்கிறேன். இந்த ஊருக்கு வந்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. என் அப்பாவும் கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டவர்தான். சூரியகாந்தி அப்போது எங்கள் பக்கம் கிடையாது. சோவியத் நாட்டு விதைகள் வந்த பிறகு, எழுபதுகளில்தான் எண்ணெய்ப் பயிராக நம் நாட்டில் பரவியது.

அப்பா யூரியாவைக் கையால் தொட்டதில்லை. கோடையில் ஆட்டுமந்தை மேய்க்கும் கீதாரிகளைக் கூட்டிவந்து ஆட்டுக்கிடை போடுவார், அதாவது இரவில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்துவைப்பார். இரண்டு மூன்று இரவு கிடை கிடந்த நிலத்தில் அந்த ஆண்டு வேறு எதுவும் வேண்டியிருக்காது. மழையை நம்பிய பூமியில் மூட்டை உரம் போடுவது கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது போல. யூரியாவை முற்றிலும் விட்டுவிடச் சொல்லுங்கள். இதுதான் என் கருத்து.

வேர்நோக்கி
செப்டம்பர் 15, பகல் 1.05

கோவையில் வேளாண்மை படித்தேன். இப்போது லிம் சூ காங்கில் ஒரு கீரைப் பண்ணையில் வேலை. படித்த காலத்தில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று மானாவாரிப் பயிர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் மண்ணை ஓரளவு தெரியும்.

விளாத்திகுளத்துத் தம்பி, பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள். யூரியா போட்டது விதைத்த எத்தனையாவது நாள்? மேலே தூவினீர்களா, மண்ணுக்குள் வைத்து மூடினீர்களா? போட்ட பிறகு எத்தனை நாள் கழித்து மழை வந்தது? பொக்கு விதைகள் கொண்டையில் (பூவின் தலையில்) எந்த இடத்தில் இருந்தன, நடுவிலா, ஓரத்திலா, எங்கும் பரவலாகவா? கடைசிக் கேள்வியைத் தம்பியிடம் நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள்.

விளாத்திகுளத்தான்
செப்டம்பர் 15, இரவு 9.50

அக்கா, தம்பியிடம் பேசிவிட்டேன். விதைத்த 28ஆம் நாள். அதற்கு முந்தின நாள் நல்ல மழை, செடி இடுப்பளவு. ஈரம் இருக்கிறதே என்று ஏக்கருக்கு ஒரு மூட்டையைச் செடிக்குப் பக்கத்தில் தூவிக் களை கொத்தும்போது மண்ணோடு கலந்துவிட்டிருக்கிறான். இரண்டாவது மூட்டையைப் பத்து நாள் கழித்துக் காய்ந்த நிலத்தின் மேலேயே தூவியிருக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு சிறு தூறல், பிறகு ஒன்றுமில்லை.

பொக்கு எல்லாம் கொண்டையின் நடுவில். ஓரத்து விதைகள் திடமாகவே இருந்தனவாம். உள்ளங்கை அகலத்துக்கு நடுப்பகுதி வெறும் தோடு என்று சொன்னான்.

வேர்நோக்கி
செப்டம்பர் 16, இரவு 8.30

உங்கள் தம்பி கவனமானவர். அவர் சொன்ன விவரத்தில் பாதி விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. இப்போது மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டை என்றால் 90 கிலோ யூரியா, அதாவது ஏக்கருக்கு 41 கிலோ தழைச்சத்து, ஹெக்டேருக்கு நூறு கிலோவைத் தாண்டுகிறது. அடியுரம் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் மானாவாரிச் சூரியகாந்திக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. கிணற்றுப் பாசனமுள்ள வீரிய ஒட்டு ரகத்துக்கே 60 கிலோதான்.

இனி அந்தச் சத்து செடிக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். தழைச்சத்து முதலில் இலையைத்தான் பெருக்கும். இலையின் எண்ணிக்கை பெரிதாக மாறாது, ஒவ்வோர் இலையும் அகலமாகும். நீர்வசதி உள்ள நிலத்தில் அது நல்லது. அகலமான இலை அதிக வெயிலைப் பிடித்து அதிக உணவு தயாரிக்கும். ஆனால் அந்த இலைதான் தண்ணீர் வெளியேறும் வாசலும். இலைப் பரப்பு கூடினால் மண்ணிலிருந்து நாள்தோறும் இறங்கும் ஈரமும் கூடும். கரிசல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நன்றாக நனைந்திருந்தால், செடி எடுத்துக்கொள்ளத்தக்க நீர் 150 முதல் 200 மி.மீ. வரை அதில் நிற்கும். மழை நின்ற அன்று உங்கள் நிலத்தின் கையிருப்பு அதற்குள்தான் இருந்திருக்கும். பக்கத்து நிலத்துச் செடி அந்தக் கையிருப்பைப் பூக்கும் காலத்துக்கும் மணி பிடிக்கும் காலத்துக்கும் மிச்சம் வைத்தது. உங்கள் செடி மொட்டு விடும் முன்பே பெரும்பகுதியைக் குடித்துவிட்டது.

சூரியகாந்தி வறட்சியைத் தாங்கும் பயிர் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆணிவேர் இரண்டு மீட்டர்கூட இறங்கும். ஆனால் பூப்பதற்கு முந்தைய மூன்று வாரமும் பிந்தைய மூன்று வாரமும் அதற்குத் தண்ணீர் தவறக்கூடாது. மற்ற நாள்களில் பட்ட வாட்டத்திலிருந்து எழுந்துவிடும். அந்த நாள்களில் பட்டதிலிருந்து எழாது.

நடுவில் பொக்கு வந்ததற்கு வருகிறேன். சூரியகாந்திக் கொண்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரு வாரம் பத்து நாளில் சுற்றுச் சுற்றாகப் பூக்கிறது. ஓரத்துச் சிறுபூக்கள் முதலில் கருவுற்று முதலில் உணவை இழுத்துக்கொள்கின்றன. நடுப்பூவின் முறை வரும்போது உங்கள் நிலத்தில் ஈரம் தீர்ந்துவிட்டது. ஓரம் திடம், நடு வெறும் தோடு என்றால், செடி பாதி வழியில் தண்ணீர் இல்லாமல் நின்றது என்று பொருள்.

இரண்டாவது மூட்டை பற்றி நாளை எழுதுகிறேன். அதிகாலை நான்கு மணிக்குப் பண்ணையில் கீரை அறுப்பு இருக்கிறது.

செக்கடி
செப்டம்பர் 16, இரவு 11.20

அக்கா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் உணவு எண்ணெய் இறக்குமதித் தொழிலில் இருக்கிறேன், குடும்பத்துக்கு விருதுநகரில் செக்கு உண்டு. சூரியகாந்தியில் பொக்கு என்றாலே முதலில் கேட்க வேண்டியது தேனீ. இது அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூத்திருக்கும் நாள்களில் தேனீ வராவிட்டால் எவ்வளவு சத்தும் தண்ணீரும் கொடுத்தாலும் மணி பிடிக்காது. அதனால்தான் காலை வேளையில் மெல்லிய துணியால் கொண்டையை ஒற்றி விடச் சொல்கிறார்கள், அல்லது இரண்டு கொண்டைகளை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்ய வேண்டும். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தீர்களா என்று கேளுங்கள். போரான் என்ற நுண்ணூட்டச் சத்து குறைந்தாலும் பொக்கு வரும். எல்லாப் பழியையும் யூரியா மேல் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் அதே பொக்குதான்.

வேர்நோக்கி
செப்டம்பர் 17, பகல் 12.45

செக்கடி அவர்கள் சொன்ன மூன்றுமே உண்மையான காரணங்கள். கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பூவிதழ் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கலந்து கொண்டை நனையத் தெளிப்பது போரானுக்கான வழக்கமான பரிந்துரை, இந்த ஆண்டு தம்பி அதைச் செய்யட்டும். ஆனால் மகரந்தச் சேர்க்கை குறைந்த கொண்டையில் பொக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவிக் கிடக்கும். வேலியைத் தாண்டிய அடுத்த நிலத்துக்கும் அதே தேனீக்கள்தானே வந்தன? அங்கே 300 கிலோ விளைந்திருக்கிறது. அதனால் இந்த நிலத்தில், அந்த ஆண்டில், முதல் காரணம் தண்ணீர் என்றே நினைக்கிறேன். தண்ணீரைத் தீர்த்தது இலை. இலையை வளர்த்தது யூரியா.

இரண்டாவது மூட்டை வேறு கதை. அது செடியை அடையவே இல்லை என்று நினைக்கிறேன். யூரியா மண்ணில் நேரடியாக வேலை செய்வதில்லை. மண்ணில் உள்ள ஒரு நொதி அதை அம்மோனியாவாக உடைக்க வேண்டும், பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். கரிசல் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மை உள்ள மண். அந்த மேற்பரப்பில் யூரியா கிடந்து, பனியோ தூறலோ லேசாக நனைத்து, பிறகு வெயில் அடித்தால், உடைந்த அம்மோனியா காற்றோடு போய்விடும். ஒரே வீச்சில் 10 மி.மீக்கு மேல் மழை பெய்தால் யூரியா கரைந்து உள்ளே இறங்கித் தப்பிக்கும். உங்களுக்கு வந்தது சிறு தூறல். உரத்துக்கு அதைவிடக் கெட்ட மழை இல்லை.

தப்பித்த கொஞ்சமும் மேலே உள்ள நான்கு விரல் காய்ந்த மண்ணில் சிக்கிக்கொண்டது. நைட்ரேட் நீரோடு நகர்ந்துதான் வேருக்கு வரும். மண் காய்ந்தால் அந்தப் பாதை அறுந்துவிடும். செடி அரை மீட்டருக்குக் கீழே இருந்த ஈரத்தில் வேர் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது, உரம் மேலே புழுதியில் கிடந்தது. வறண்ட மண்ணில் உரம் எத்தனை கிலோ என்பதைக் காட்டிலும் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன். உரக்கடையில் ஆழம் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஈசூன் மாடி
செப்டம்பர் 17, மாலை 7.10

நான் விவசாயி இல்லை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் குட்டைரகச் சூரியகாந்தி வளர்ப்பவள். ஆனால் அக்கா எழுதியதைப் படித்ததும் என் தொட்டிகள் நினைவுக்கு வந்தன.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மி.மீக்கு மேல் மழை பெய்கிறது. தாழ்வாரத்துத் தொட்டியில் ஒரு துளி விழாது. வெயிலும் காற்றும் மட்டும் வரும். ஆகவே என் தொட்டி கரிசல் போலக் காய்கிறது. முதல் தடவை வளர்த்தபோது வாரம் இரு முறை நீர்ம உரம் ஊற்றினேன். இலைகள் கரும்பச்சையாகிக் கீழ்நோக்கி வளைந்தன. மண் ஈரமாக இருக்கும்போதே நண்பகலில் துவண்டன. தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, நீரோடு இன்னும் உரம் சேர்த்து ஊற்றினேன். பூ ஒரு வெள்ளி (டாலர்) காசு அளவுக்குக்கூட வரவில்லை. மூன்று செடிகளும் போய்விட்டன, என் மகள் அழுதுவிட்டாள்.

அடுத்த தடவை ஒரு தொட்டிக்கு மண் கலக்கும்போதே கொஞ்சம் மக்கிய உரம், பிறகு மொட்டு தெரியும்வரை வெறும் தண்ணீர். மற்றொரு தொட்டிக்கு ஒன்றுமே போடவில்லை. உரம் போட்டது நன்றாகப் பூத்தது. போடாத தொட்டியில் செடி மெலிந்து, கீழ் இலை மஞ்சளாகி, பூ சிறுத்துவிட்டது. ஒன்றுமே போடாமல் இருப்பதும் சரியில்லை என்று அப்போது புரிந்தது.

வேர்நோக்கி
செப்டம்பர் 17, இரவு 9.00

ஈசூன் அம்மா, நீங்கள் பார்த்தது உரத்தின் உப்புத்தன்மை. மண்நீரில் உப்பு கூடினால் வேரால் நீரை இழுக்க முடியாது, ஈரத்தின் நடுவே செடி தாகத்தில் நிற்கும். வயலிலும் இது நடக்கும். விதையோடு ஒட்டி யூரியா விழுந்தால், மண் ஈரம் குறைவாக இருந்தால், முளையே கருகிவிடும். தொட்டியில் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டால் உப்பு கழியும். வயலில் அந்த வசதி இல்லை.

கீழைக்கரிசல்
செப்டம்பர் 18, காலை 6.30

வேர்நோக்கி அம்மா, நீங்கள் விளக்கியது அனைத்தும் நான் சொன்னதற்குத்தான் துணை நிற்கிறது. இலை பெருத்தால் ஈரம் தீரும், மேலே போட்டால் காற்றில் போகும், விதையோடு போட்டால் முளை கருகும். பிறகு எதற்கு அதைப் போடுவது? எங்கள் அப்பா காலத்து மகசூல் குறைவாக இருக்கலாம், ஆனால் கடன் இல்லை.

வேர்நோக்கி
செப்டம்பர் 18, இரவு 8.15

ஐயா, உங்கள் அப்பா யூரியா போடவில்லை, ஆனால் தழைச்சத்து போட்டார். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் தழைச்சத்துதான். கிடை போட்டதும், சூரியகாந்திக்கு முன் உளுந்தோ பாசிப்பயறோ போடுவதும் நல்ல வழி என்று நானும் சொல்வேன். ஆனால் இப்போது விளாத்திகுளத்துத் தம்பி நிலத்துக்கு இந்த ஆண்டு கிடை கிடைக்குமா?

வறண்ட நிலத்துக்குத் தழைச்சத்தே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன். சத்து இல்லாத செடி சிறிதாக நிற்கும், வரிசைக்கு நடுவே மண் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த மண்ணிலிருந்து வெயில் உறிஞ்சும் ஈரம் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. ஓரளவு இலை மூடினால் அதே ஈரம் செடி வழியாகப் போய் மணியாகத் திரும்பும். இன்னொன்று, ஒரு கொண்டையில் எத்தனை சிறுபூக்கள் இருக்கப்போகின்றன என்பது மொட்டு வெளியே தெரியும் முன்பே, செடியின் நுனிக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த முதல் ஒரு மாதத்தில் தழைச்சத்து குறைந்தால் பூக்களின் எண்ணிக்கை குறையும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் அது கூடாது. அதனால்தான் மானாவாரிக்கு முழுவதையும் அடியுரமாகவே போடச் சொல்கிறார்கள். நான் கேட்பது கொஞ்சம் சத்து, தொடக்கத்திலேயே, ஈரம் இருக்கும் ஆழத்தில்.

எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சூரியகாந்தி ஒரு டன் விதை தருவதற்கு, செடி முழுவதுமாக ஏறக்குறைய 40 முதல் 50 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் நிலத்தில் மழை ஒழுங்காக வந்தால் ஏக்கருக்கு 350 கிலோ எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை 14 முதல் 17 கிலோ. இதில் ஒரு பங்கை மண்ணே தரும், போட்ட உரத்திலும் ஒரு பங்கு வீணாகும். பரிந்துரை சொல்லும் ஹெக்டேருக்கு 40 கிலோ என்பது ஏக்கருக்கு 16 கிலோ. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, பாருங்கள். 41 கிலோ போட்டு அதற்கேற்ற விளைச்சல் எடுக்க வேண்டுமானால் ஏக்கருக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் விளைய வேண்டும். அதற்கான மழை கரிசலில் எந்த ஐப்பசியில் பெய்தது?

கீழைக்கரிசல்
செப்டம்பர் 19, காலை 6.20

கிடையையும் தழைச்சத்தாகக் கணக்கில் எடுத்தது நியாயம். நான் அப்படி யோசித்ததில்லை. ஏக்கருக்கு 16 கிலோ என்றால் எனக்கு மறுப்பில்லை.

விளாத்திகுளத்தான்
செப்டம்பர் 19, இரவு 10.30

அக்கா, இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவனுக்கு ஒரு சந்தேகம். வழக்கமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (டைஅமோனியம் பாஸ்பேட்) உரத்தை அடியில் போடுகிறான். அதில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க வேண்டாமா என்று கேட்கிறான். மீதி யூரியாவையும் அடியிலேயே போட்டுவிடுவதா, ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் போடுவதா என்றும் கேட்கிறான். யூரியா மலிவாகக் கிடைப்பதால்தான் எல்லாருக்கும் கை தாராளமாக வருகிறது. மூட்டை முந்நூறு ரூபாய்கூட இல்லை.

வேர்நோக்கி
செப்டம்பர் 20, பகல் 1.20

தம்பியின் முதல் கேள்விக்கு: கட்டாயம் கழிக்க வேண்டும். 50 கிலோ டி.ஏ.பி.யில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பேட்) இருக்கின்றன. மணிச்சத்துத் தேவை அதிலேயே முடிந்துவிடும். பதினாறில் ஒன்பது போக, மீதி 7 கிலோ. அது 15 கிலோ யூரியா. ஒரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சாம்பல் சத்துக்கு (பொட்டாஷ்) மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும், கரிசலில் அது பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும்.

இரண்டாவது கேள்வி கடினமானது. பரிந்துரைப்படி முழுவதையும் அடியில் போட்டால் சத்து ஆழத்தில் இருக்கும், ஆனால் மழை பொய்த்தால் திரும்ப எடுக்க முடியாது. கையில் வைத்திருந்தால் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம், ஆனால் நேரத்துக்கு மழை வராவிட்டால் சத்து இல்லாமலே போகும். டி.ஏ.பி.யில் ஒன்பது கிலோ ஏற்கெனவே உள்ளே இருப்பதால், அந்த 15 கிலோ யூரியாவைக் கையில் வைத்திருக்கலாம் என்பது என் முடிவு. விதைத்த 25 முதல் 30 நாளுக்குள் நல்ல மழை வந்தால், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சால் கீறி, நான்கு விரல் ஆழத்தில் வைத்து மூட வேண்டும். மழை வராவிட்டால் போடவே வேண்டாம். முப்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு மனம் இரங்கிப் போடவும் வேண்டாம். டி.ஏ.பி.யும் விதைக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில், இரண்டு அங்குலம் கீழே விழ வேண்டும்.

செக்கடி
செப்டம்பர் 20, இரவு 10.00

எண்ணெய்ப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். தழைச்சத்து கூடக் கூட விதையில் புரதம் ஏறும், எண்ணெய் விழுக்காடு இறங்கும். இரண்டும் தராசுத் தட்டு மாதிரி. எங்கள் செக்கில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், பயிர் கொழுகொழுவென்று இருந்ததாகச் சொன்ன நிலத்து விதையில் பிண்ணாக்கு கூடுதலாகவும் எண்ணெய் குறைவாகவும் வரும். வறட்சியும் சேர்ந்துவிட்டால் மணி சிறுத்துத் தோடு விகிதம் கூடும், எண்ணெய் இன்னும் இறங்கும். சந்தையில் எடைக்குத்தான் விலை என்பதால் விவசாயிக்கு இது தெரிவதில்லை. வீட்டுக்கென்று ஆட்டி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தேனீ பற்றி நான் சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் துணியால் ஒற்றச் சொல்லுங்கள்.

பொங்கோல் மண்வெட்டி
செப்டம்பர் 21, காலை 8.10

இழை முழுவதும் படித்தேன், மிகப் பயனுள்ளது. ஒரு கேள்வி. கீழே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? நான் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒதுக்கீட்டுத் தோட்டத்தில் இரண்டரை மீட்டர் நீளப் பாத்தி வைத்திருக்கிறேன். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் இங்கே மழையே இல்லாமல் போனதே, அப்போது சமூகத் தோட்டத்தில் செடி வாடியபோதெல்லாம் உரம் போட்டவர்களில் நானும் ஒருவன். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஏமாந்தோம்.

வேர்நோக்கி
செப்டம்பர் 21, இரவு 7.40

விரல் தடிமனில், ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பி போதும். முனையைக் கூராக்காமல் மழுங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த கரிசலில் கையால் அழுத்தினாலே இறங்கும். காய்ந்த அடுக்கை எட்டியதும் நின்றுவிடும். நின்ற ஆழத்தை அளந்து, ஒவ்வொரு பத்து செ.மீக்கும் 15 முதல் 20 மி.மீ. நீர் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 100 மி.மீ. கையிருப்பு. மார்கழிக் குளிரில் பூத்திருக்கும் சூரியகாந்தி நாளுக்கு 5 மி.மீ. அளவில் குடித்தால், அந்த நீர் இருபது நாளுக்கு வரும். பூக்கும் காலத்தை ஓட்டிவிடலாம், மணி முற்றுவதற்கு இன்னொரு மழை வேண்டும். மேலுரம் போடும் நாளில் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இலையைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். தழைச்சத்துக் குறை என்றால் கீழ் இலை சீராக வெளிறி மஞ்சளாகும், செடி மெலியும், ஆனால் துவளாது. தாகம் என்றால் நண்பகலில் துவண்டு, இரவில் நிமிர்ந்து, பிறகு கீழ் இலை ஓரத்திலிருந்து கருகும். மேல் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை, சுண்ணாம்புக் கரிசலில் சாதாரணம். அதற்கு யூரியா போடுவது வீண் செலவு.

விளாத்திகுளத்தான்
அக்டோபர் 26, இரவு 11.05

அக்கா, ஐயா, எல்லாருக்கும். ஐப்பசி முதல் மழை நன்றாகக் கிடைத்தது. தம்பி கம்பியை இறக்கிப் பார்த்தான், 45 செ.மீ. போனது. நேற்று விதைத்துவிட்டான். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., விதைப்புக் கருவியில் உரக்குழாயைத் தள்ளிக் கட்டி, விதைக்குப் பக்கத்தில் ஆழமாக விழச் செய்திருக்கிறான். உரக்கடைக்காரர் இன்னும் மூன்று மூட்டை யூரியா எடுத்துப் போகச் சொன்னாராம். ஒரே மூட்டை போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து.

கீழைக்கரிசல்
அக்டோபர் 27, காலை 6.05

நல்லது தம்பி. அடுத்த கோடைக்குக் கிடைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கமுதிப் பக்கத்துக் கீதாரிகள் வருவார்கள். செலவில் என் பங்காக நூறு வெள்ளி தருகிறேன். என் அப்பா நினைவாக.

விளாத்திகுளத்தான்
நவம்பர் 25, இரவு 10.20

ஐயா, உங்கள் வார்த்தையைத் தம்பியிடம் சொன்னேன். அவன் நன்றி சொல்லச் சொன்னான்.

இன்று 31ஆம் நாள். செடி முழங்காலுக்கு மேலே, போன ஆண்டு உயரம் இல்லை, இலை நல்ல பச்சை. ஒன்பது நாளாக மழை இல்லை. கம்பி 50 செ.மீ. வரை இறங்குகிறது, ஆனால் மேல் மூன்று விரல் புழுதி. வரும் நான்கு நாளில் மழை வந்தால் சால் கீறி யூரியா வைப்பான், இல்லாவிட்டால் இல்லை. என்னிடம் தொலைபேசியில் கேட்டான், என்ன செய்யட்டும் அண்ணா என்று. நிலத்தில் நிற்பவன் நீ, நீயே முடிவு செய் என்று சொன்னேன். மூட்டை இன்னும் பிரிக்காமல் கொட்டகையில் இருக்கிறது.